மிச்சமிருந்த விக்கெட்டுகள்

2025 ஏப்ரல் 5, சேப்பாக்கம். டெல்லி கேபிடல்ஸ் வைத்த இலக்கு 184. இருபது ஓவர் முடிந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்திருந்தது 158. போன விக்கெட் ஐந்தே ஐந்து. 25 ரன்னில் தோல்வி. ஒரு மாதம் கழித்து மே 7, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். இலக்கு 180. பவர்பிளே முடிவதற்குள் 60 ரன்னுக்கு ஐந்து விக்கெட் காலி. அந்த ஆட்டத்தில் இரண்டு பந்தை மிச்சம் வைத்துச் சென்னை ஜெயித்தது.

கையில் ஐந்து விக்கெட்டை வைத்துக்கொண்டு தோற்ற அணியும், ஆறு ஓவருக்குள் ஐந்து விக்கெட்டைத் தொலைத்துவிட்டு வென்ற அணியும் ஒன்றுதான். அந்த வருஷம் சென்னை பேட்டிங்குக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு ஸ்கோர்களையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பாதி விஷயம் விளங்கிவிடும்.

அந்த ஐ.பி.எல். சீசனில் 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 8 புள்ளி, பத்தாவது இடம். ஐந்து முறை கோப்பை தூக்கிய அணி பட்டியலின் கடைசியில் நின்றது அதுவே முதல்முறை. சேப்பாக்கத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ராஜபாளையத்தில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து மில்லைவிட்டு வருகிறவர் கைபேசியில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டாமல் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடைகளில் நாலு விதமான தீர்ப்பு ஓடியது. தோனிக்கு வயசாயிடுச்சு. ஏலத்துல கோட்டை விட்டாங்க. பிட்ச் சரியில்ல. நாலாவது, எல்லாரும் ஒத்துக்கொண்ட தீர்ப்பு: டெஸ்ட் மேட்ச் ஆடுறாங்க. நாலிலுமே ஓரளவு உண்மை உண்டு. ஆனால் புள்ளியியல் நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டால் நாலாவது தீர்ப்பின் மேல்தான் விரலை வைப்பார்.

காரணம் எளிமையானது. பேட்டிங் செய்யும் அணியிடம் இரண்டு சொத்து இருக்கிறது: பந்துகள், விக்கெட்டுகள். இரண்டில் எது முதலில் தீர்கிறதோ அதோடு ஆட்டம் முடிந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் பந்துக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுக்குத்தான் பஞ்சம். அதனால் விக்கெட்டைப் பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் பந்து 120, விக்கெட் 10. பன்னிரண்டு பந்துக்கு ஒரு விக்கெட் வீதம் செலவழித்தாலும் கடைசிப் பந்து வரை ஆடலாம். இங்கே அருமையான பொருள் பந்துதான்.

முறை வைத்துத் தண்ணீர் விடும் தெருவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குழாயில் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அது நின்ற பிறகு வீட்டில் ஐந்து காலிக்குடம் மிச்சமிருந்தால் அதைச் சிக்கனம் என்று யாரும் பாராட்டுவதில்லை.

இந்த இரண்டு சொத்துக்கும் ஒரே தராசில் விலை போட்டவர்கள் பிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். மழையால் ஓவர் குறைந்தால் இலக்கை எப்படி மாற்றுவது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. 1997 ஜனவரி 1-ஆம் தேதி ஜிம்பாப்வே - இங்கிலாந்து ஒருநாள் ஆட்டத்தில் அது முதலில் பயன்பட்டது. மழை நாளில் எல்லோரும் சபிக்கிற அந்த முறைக்குள், மழை பெய்யாத நாளுக்கும் உதவுகிற ஓர் அட்டவணை இருக்கிறது. ஐம்பது ஓவரும் பத்து விக்கெட்டும் கையில் இருந்தால் அணியின் வளம் 100 சதவீதம். இருபது ஓவர் மட்டும் மீதி, பத்து விக்கெட்டும் பத்திரம் என்றால் 56.6. அதே இருபது ஓவருக்கு எட்டு விக்கெட்தான் மீதி என்றால் 52.4.

இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் அவுட்டாகியும் போனது 56.6-இல் 4.2 மட்டுமே, அதாவது ஏழு சதவீதம் சொச்சம். 180 ரன் அடிக்கக்கூடிய இன்னிங்ஸில் அதன் மதிப்பு 13 ரன். ஒரு விக்கெட்டுக்கு ஏழு ரன்கூட இல்லை. ஓவருக்கு ஒன்பது என்ற வேகத்தில் அதை அடிக்க நாலைந்து பந்து ஆகும். ஆக, தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் விக்கெட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஆறு பந்தை மட்டையால் தடுத்துத் தரையில் போட்டால், அவுட்டாகியிருந்தால் அணிக்கு ஏற்பட்டிருக்கும் நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டத்தை அவுட்டாகாமலேயே ஏற்படுத்திவிடுகிறார். இந்த அட்டவணை ஐம்பது ஓவர் ஆட்டங்களைப் பார்த்துப் போட்டது. இருபது ஓவருக்கு எண்கள் கொஞ்சம் அப்படி இப்படி மாறும். திசை மாறாது.

இந்தத் தராசில் சென்னையை நிறுத்திப் பார்க்கலாம். 2025-இல் இலக்கைத் துரத்தித் தோற்ற ஆட்டங்கள் ஐந்து. பெங்களூருக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 146-க்கு 8. குவாஹாத்தியில் ராஜஸ்தானுக்கு எதிராக 176-க்கு 6. டெல்லிக்கு எதிராக 158-க்கு 5. முல்லன்பூரில் பஞ்சாபுக்கு எதிராக 201-க்கு 5. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 211-க்கு 5. ஐந்து தோல்வியிலும் ஒருமுறைகூட அணி ஆல் அவுட் ஆகவில்லை. தோற்ற வித்தியாசம் முறையே 50, 6, 25, 18, 2. செலவழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோன விக்கெட்டுகள் மொத்தம் 21.

டெல்லி ஆட்டத்தை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பத்து ஓவர் நாலு பந்தில் 74-க்கு 5. மேல்வரிசை சரிந்துவிட்டது, அந்தப் பழி பின்னால் வந்தவர்களுடையது அல்ல. மீதி 56 பந்தில் 110 ரன் வேண்டும், ஓவருக்குக் கிட்டத்தட்ட 12. களத்தில் திருநெல்வேலியில் பிறந்த விஜய் சங்கர், எதிர்முனையில் தோனி. அங்கிருந்து கடைசிவரை விக்கெட்டே விழவில்லை. வந்த ரன் 84, ஓவருக்கு ஒன்பது. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இருவரும் நாட் அவுட். இலக்கு கேட்ட சராசரி வேகத்தில், அதாவது நூறு பந்துக்கு 153 என்ற கணக்கில், அந்த 54 பந்தில் 83 வந்திருக்க வேண்டும், 26 பந்தில் 40. இரண்டிலும் சேர்த்துத் துண்டு விழுந்தது 24. தோற்றது 25-இல்.

ஸ்கோர்போர்டில் 69 நாட் அவுட் என்பது பார்க்க அழகாக இருக்கும். தனி மனிதரின் ஏட்டில் அது வரவு. அணியின் ஏட்டில் அன்றைக்கு அது பற்று. கிரிக்கெட்டின் பழைய அளவுகோலான சராசரி, நாட் அவுட்டுக்குப் பரிசு தருகிற அளவுகோல். பந்து தின்றதற்கு அதில் அபராதமே கிடையாது.

இதே சூத்திரத்தை எதிர்ப்பக்கம் இருந்து பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். பேஸ்பால் ஆட்டத்தில் பந்துக்குக் கணக்கில்லை, அவுட்டுக்குத்தான் கணக்கு: ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று, ஆக 27 அவுட். அங்கே அவுட்டாகாமல் இருப்பவனே ராஜா. 2002-இல் ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் அணியின் பொது மேலாளர் பில்லி பீன் கையில் காசில்லாமல் திண்டாடியபோது, பெரிய அடிகாரர்களை விட்டுவிட்டு, எப்படியாவது அவுட்டாகாமல் முதல் பேஸுக்குப் போய்ச் சேருகிறவர்களைச் சல்லிசான விலைக்குப் பிடித்தார். அந்த சீசனில் 103 ஆட்டம் ஜெயித்தார்கள், அதில் தொடர்ச்சியாக 20. இருபது ஓவர் கிரிக்கெட்டைப் பார்க்க பேஸ்பாலின் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் எது அரிது என்ற கேள்விக்கு இரண்டும் நேரெதிர்ப் பதில் சொல்கின்றன.

டென்னிஸ் பந்து டோர்னமென்ட் ஆடும் பையன்களுக்கு இந்தப் பதில் எப்போதோ தெரியும். ஆறு ஓவர் அல்லது எட்டு ஓவர் ஆட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பொட்டல்களில், தண்ணீர் வற்றிய கண்மாய்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடப்பதுதான். அங்கே ஒருவன் இரண்டு பந்து டொக்கு வைத்தால் மூன்றாவது பந்துக்கு வெளியிலிருந்து குரல் வந்துவிடும்: "அடிக்கிறதா இருந்தா அடி, இல்லன்னா அவுட்டாகிட்டு வாடா!" டக்வொர்த்தும் லூயிஸும் அட்டவணை போட்டுச் சொன்னது இதைத்தான்.

அப்படியென்றால் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் அணிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பழைய வழி அவர்களுக்குச் சோறு போட்ட வழி. தொடக்கத்தில் நிதானம், நடுவில் நிலைப்பு, கடைசியில் தோனி. சேப்பாக்கத்தின் மெதுவான ஆடுகளத்தில் 160 அடித்துவிட்டுச் சுழற்பந்தால் எதிரணியைக் கட்டிப்போடுவது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பையை வென்ற அணி இது. இதற்கிடையில் விலைவாசி மாறிவிட்டது. 2023-இல் இம்பாக்ட் பிளேயர் விதி வந்தது: ஆட்டத்தின் நடுவே ஒருவரை மாற்றிக்கொள்ளலாம், அதாவது கூடுதலாக ஒரு பேட்ஸ்மேன். கையில் இருக்கும் விக்கெட்டின் விலை இன்னும் இறங்கியது. அடுத்த ஆண்டே சன்ரைசர்ஸ் ஹைதராபாத் டெல்லிக்கு எதிராகப் பவர்பிளேயில் மட்டும் 125 அடித்தது. பெங்களூருக்கு எதிராக 287. 2025 மார்ச் 23 பிற்பகலில் அதே ஹைதராபாத் ராஜஸ்தானுக்கு எதிராக 286 குவித்தது. அன்று மாலை சென்னை, மும்பைக்கு எதிராக 156 என்ற இலக்கை 19.1 ஓவர் வரை இழுத்து எட்டிப்பிடித்தது. ஒரே நாள், ஒரே லீக், இரண்டு வேறு யுகம்.

ஏலத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால் புரியும். 2024 நவம்பரில் ஜெட்டாவில் சென்னை பெரும்பணத்தைப் பந்துவீச்சில் போட்டது. நூர் அகமதுக்கு 10 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி. நூர் 24 விக்கெட் எடுத்துக் காசுக்குக் கணக்குக் காட்டிவிட்டார். பேட்டிங்குக்கு வந்தவர்கள் டெவன் கான்வே, ரச்சின் ரவீந்திரா, ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர். பெயரெடுத்தவர்கள்தான், முதல் பந்திலிருந்தே வெளுக்கிறவர்கள் என்று யாரும் இவர்களைச் சொன்னதில்லை. சீசன் முடிவில் சென்னையின் அதிகபட்ச ரன் குவிப்பாளர் சிவம் துபே, 357. அதே சீசனில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டவர் சாய் சுதர்சன். சென்னைப் பையன், ஆடியது குஜராத்துக்கு. ரசிகர்களின் வயிற்றெரிச்சலுக்கு இது ஒன்றே போதும்.

ஆடுகளத்தைப் பற்றிய புகாரை ஒதுக்கிவிட முடியாது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூரு அங்கே முதல்முறை ஜெயித்தது, 2010-க்குப் பிறகு டெல்லி, வரலாற்றிலேயே முதல்முறையாக ஹைதராபாத். பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங், சேப்பாக்கத்தில் தங்களுக்குச் சொந்த மைதானச் சாதகம் என்று எதுவும் இல்லை என்றும், ஆடுகளத்தைக் கணிக்கவே முடியவில்லை என்றும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

தமிழ் வர்ணனையில் "பால் நின்னு வருது" என்பார்களே, அதற்குப் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது. நன்றாக உருட்டிக் கெட்டித்த களிமண் தளத்தில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். தளம் காய்ந்து மேல்மண் பொடிந்தால் உராய்வு கூடும். பந்து தரையைத் தொடும் கணத்தில் முன்னோக்கிய வேகத்தில் பெரிய பங்கை இழக்கும். மணிக்கு 85 கிலோமீட்டரில் வீசிய சுழற்பந்து நொடிக்குச் சுமார் 24 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. தரையில் பட்டபின் 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேட்ஸ்மேன் எதிர்பார்த்ததைவிட ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமானால்கூட, அவர் மட்டையைக் கொண்டுவரும் இடத்துக்கு ஓர் அடிக்கு மேல் பின்னால் பந்து இருக்கும். மட்டை முந்திவிடும், பந்து அடிமுனையில் பட்டு உள்வட்டத்துக்குள்ளேயே எவர் கையிலாவது போய் உட்காரும். இதே மண்ணில் இதே வித்தையைக் காட்டித்தான் சென்னை பல வருஷம் மற்ற அணிகளைத் தவிக்கவிட்டது.

ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவின் சுனில் நரைன் அந்த வித்தையைச் சென்னைக்கே காட்டினார். நாலு ஓவர், 13 ரன், மூன்று விக்கெட். சென்னை 103-க்கு 9. சேப்பாக்கத்தில் அதன் ஆகக் குறைந்த ஸ்கோர். கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. "விக்கெட்டை மிச்சம் பிடித்ததுதான் குற்றம்" என்ற வாதம் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாது. இங்கே விக்கெட்டும் போயிற்று, ரன்னும் வரவில்லை. முதலில் பேட் செய்து தோற்ற ஐந்து ஆட்டங்களின் கதை வேறு கதை. ஒரு சீசனின் சரிவை ஒரே காரணத்தில் மாட்டித் தொங்கவிட முடியாது.

காயமும் சேர்ந்துகொண்டது. குவாஹாத்தியில் முழங்கையில் அடிபட்ட கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட், எலும்பு முறிவு என்று தெரிந்து சீசனை விட்டே விலகினார். தலைமை மறுபடி 43 வயது தோனியிடம் வந்தது. அவருடைய முழங்கால் பத்து ஓவர் ஓடியாடும் நிலையில் இல்லை என்று ஃபிளெமிங்கே சொன்னார். பெங்களூருக்கு எதிராகத் தோனி அஸ்வினுக்குப் பிறகு ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தபோது ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. அடிக்கத் தெரிந்த கை கடைசியில் வருவதும் பந்தை வீணாக்குகிற ஒரு வழிதான்.

பிறகு வந்தார்கள் பொடிசுகள். ருதுராஜுக்குப் பதிலாக வந்த ஆயுஷ் மாத்ரேவுக்கு வயது 17. ஏப்ரல் 20 அன்று வான்கடேயில் முதல் ஆட்டம், 15 பந்தில் 32. தென்னாப்பிரிக்காவின் டிவால்ட் பிரெவிஸ், குஜராத்தின் உர்வில் படேல் என்று மேலும் இரண்டு மாற்று வீரர்கள். ஈடன் கார்டன்ஸில் உர்வில் 11 பந்தில் 31 அடித்துவிட்டு அவுட்டானார். பழைய அளவுகோலில் அது ஒரு சின்ன ஸ்கோர். ஐந்து விக்கெட் போன பிறகும் பிரெவிஸ் பின்வாங்கவில்லை. வைபவ் அரோராவின் ஒரே ஓவரில் 30 ரன். 25 பந்தில் 52 எடுத்து அவர் போனார். எதிர்முனையில் துபே 40 பந்தில் 45 என்று ஊன்றி நின்றார். முன்பு ஆளுக்கு ஆள் நிதானமாக ஆடியபோது சுமையாக இருந்த அதே நிதானம், பக்கத்தில் ஒருவர் வெளுத்தபோது தூணாக இருந்தது. கடைசி ஆட்டத்தில், அகமதாபாத்தில், 230-க்கு 5. பட்டியலின் மேல்வரிசையில் இருந்த குஜராத்துக்கு 83 ரன்னில் தோல்வி.

இங்கே புள்ளியியல் ஆள் குறுக்கிட்டு ஒரு கசப்பு மருந்தையும் தருவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கச் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 14 ஆட்டத்தில் 4 அல்லது அதற்கும் குறைவாக ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? காசு சுண்டும் கணக்குத்தான்: 16,384 விதமான முடிவுகளில் 1,471, அதாவது 9 சதவீதம். பத்து அணியும் சமபலம் என்றாலும் ஏறக்குறைய வருஷத்துக்கு ஓர் அணி இப்படி அடிவாங்கும், யார் மேலும் தப்பில்லாமலே. 2025-இல் ராஜஸ்தானும் அதே 8 புள்ளிதான். நெட் ரன் ரேட்டில்தான் சென்னை அதற்கும் கீழே போனது. ராஜஸ்தானிடம் ஆறு ரன்னிலும் பெங்களூருவிடம் இரண்டு ரன்னிலும் கோட்டைவிட்ட ஆட்டங்கள் மறுபக்கம் விழுந்திருந்தால் கடைசி இடம் என்ற பேச்சே எழுந்திருக்காது. பேஸ்பால் அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று தின்று தீர்க்க அங்கே அவகாசம் உண்டு. ஐ.பி.எல்.லில் லீக் சுற்றோடு நின்ற அணிக்குப் பதினாலோடு கதை முடிந்தது.

அணி நிர்வாகம் அதிர்ஷ்டத்தின் மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த சீசனுக்கு முன் கான்வே, ரச்சின், திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் எல்லோரையும் விடுவித்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைக் கொண்டுவந்தது. 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் ஆளுக்கு 14.20 கோடி கொட்டியது. இந்திய அணித் தொப்பி வாங்காத எந்த உள்நாட்டு வீரருக்கும் அதுவரை ஏலத்தில் இவ்வளவு விலை போனதில்லை.

இவ்வளவு பெரிய திருப்பத்துக்குத் தூண்டுதலாக இருந்த இருவரின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். மாத்ரே ஏழு இன்னிங்ஸில் 240, பிரெவிஸ் ஆறு இன்னிங்ஸில் 225. நூறு பந்துக்கு முறையே 189, 180 என்ற வேகம். அந்த 240 ரன்னுக்கு மாத்ரே சந்தித்த பந்துகள் 127, பிரெவிஸ் சந்தித்தவை 125. ஒவ்வொன்றும் ஒரே ஒரு இருபது ஓவர் இன்னிங்ஸைவிட ஏறக்குறைய ஒரு ஓவர்தான் கூடுதல். எதிரணிகளின் வீடியோ அறைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தப் பந்துகள் ஒன்று விடாமல் கிடைத்திருக்கும்.